ரிவர்ஸ் மூடியைக் கட்டிய கம்பி

அப்பா ஊரிலிருந்து பஸ்ஸில் ஏற்றிவிட்ட தண்ணீர் மோட்டாரைத் தோளில் சுமந்துகொண்டு போனபோதுதான் அந்த மெக்கானிக்கை முதலில் பார்த்தேன். அதன் துருப்பிடித்த போல்ட்டில் எண்ணெய் விட்டுவிட்டு, "ஊறட்டும் தம்பி, நாளைக்கு வாங்க" என்றார்.

"ஓங்கி ஒரு தட்டு தட்டினா வந்துடாதா? இன்னைக்கே வேணுமே" என்றேன். அவர் முகம் கறுத்துவிட்டது. சுத்தியலை எடுத்து எனக்கு எட்டாத இடத்தில் வைத்தார். மறுநாள் போனபோது காரணத்தை அவரே சொன்னார்.

முன்பு அவர் படகுத்துறையில் ஒரு பட்டறை வைத்து, வாடகைக்கு விடும் வாட்டர் ஸ்கூட்டர்களைப் பழுதுபார்த்தார். அவற்றை ஓட்டியவன் மச்சினன், மனைவியின் ஒரே தம்பி. வாய் கொஞ்சம் நீளம், மனசு வெள்ளை. துறைச் சுவரை நோக்கி முழு வேகத்தில் வந்து, கூட்டம் அலறும்போது ரிவர்ஸ் கைப்பிடியை இழுத்துச் சட்டென்று நிற்பது அவன் வித்தை.

அந்த வண்டிக்கு பிரேக் கிடையாது. பின்னால் தண்ணீரைப் பீய்ச்சும் வாயின்மேல் வாளி போன்ற ஒரு மூடி இறங்கும். பீய்ச்சல் முன்பக்கம் திரும்பி வண்டியை நிறுத்தும், பிறகு பின்னால் தள்ளும். ஒரு விடுமுறை நாள் காலையில் அந்த மூடி இறங்கிய நிலையிலேயே இறுகிக்கொண்டது. வண்டி முன்னால் நகர மாட்டேன் என்றது.

கைப்பிடியிலிருந்து வரும் கேபிளை அவர் மூடியிலிருந்து கழற்றினார். கேபிள் வழவழவென்று ஓடியது. கோளாறு அதில் இல்லை. மூடியைக் கையால் தூக்கிப் பார்த்தார், இம்மியும் அசையவில்லை. மூடி தொங்கும் போல்ட் உப்பேறி, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. எண்ணெய் விட்டார்.

"நாளைக்குத்தான்டா."

"நாளைக்கா? வெளிய ஜனம் வரிசை கட்டி நிக்குது. நீங்க போல்ட்டுக்குத் தாலாட்டு பாடுறீங்களே மாமா!"

"அவசரப்பட்டா உடையும்."

"மூடிய மேல தூக்கிக் கம்பியால கட்டிடுங்க. முன்னால போனாப் போதும். நிறுத்துறத நான் பாத்துக்கிறேன்."

சாப்பாடு கொண்டு வந்த மனைவி சிரித்தாள். "புள்ள கெஞ்சுறான்ல, கட்டிக் குடுங்களேன். என்னமோ இருதய ஆபரேஷன் பண்ற மாதிரி யோசிக்கிறீங்க." சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

இரும்புப் பட்டையால் நெம்ப, மூடி முனகிக்கொண்டே ஏறியது. கம்பியைச் சுற்றிக் குறடால் முறுக்கினார். "கைப்பிடிய இழுத்தா நிக்காது. தூரத்துலயே வேகத்தைக் கொறச்சிடு, புரியுதா?"

"சரிங்க வாத்தியாரே."

மதியம்வரை அவனுக்கு நினைவிருந்தது. பிறகு கரையில் யாரோ விசிலடித்தார்கள். சுவரை நோக்கிப் பறந்து வந்தவனின் கை, பழக்கத்தில் கைப்பிடியை இழுத்தது. கேபிள் கழன்ற கைப்பிடி பஞ்சு மாதிரி கையோடு வந்தது. வண்டி சுவரில் மோதிய சத்தம் பட்டறைவரை கேட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அவன் மூச்சு நின்றுவிட்டது.

மறுநாள் அடக்கம் முடிந்து பட்டறைக்கு வந்தார். மூக்கு நொறுங்கிய வண்டியைத் தரையில் போட்டிருந்தார்கள். பின்பக்கத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. கம்பியை வெட்டிவிட்டு போல்ட்டில் ஸ்பானரை வைத்தார். நன்றாக ஊறியிருந்தது. ஒரு திருகில் கழன்று உள்ளங்கையில் விழுந்தது.

வாசலில் மனைவி நின்றிருந்தாள்.

"கம்பிய அவனாதான் கட்டிக்கிட்டான்னு துறையில பேசிக்கிறாங்க."

தலையை ஆட்டியிருந்தால் போதும்.

"நான்தான் கட்டுனேன்."

அவள் வாசற்படி தாண்டி உள்ளே வந்தாள். "நான் சொன்னதுக்காகவா?"

"நீ சொன்னது என் காதுல விழவே இல்ல. நானாத்தான் கட்டுனேன்."

அவள் திரும்பி நடந்தாள். அதுதான் அவர்கள் கடைசியாகப் பேசிக்கொண்டது.

இப்போது அவள் தன் அம்மாவோடு இருக்கிறாள். அவர் இந்த மோட்டார் பட்டறைக்குப் பின்னால் உள்ள அறையில் தனியாக இருக்கிறார். தண்ணீர் மோட்டார் மட்டும்தான் பழுதுபார்க்கிறார்.