புதுக் கட்டடத்துப் படியில் ஒரு ஜோடி செருப்பு

பிள்ளைகளே, நம் செருப்பு ஸ்டாண்டு அருங்காட்சியகத்து வாசலில் எப்படித் தங்கியது என்று இரண்டு பேரும் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். எட்டாவதுக்கு மேல் எனக்குப் படிப்பு இல்லை. நினைவில் இருக்கிறபடி எழுதுகிறேன். முன்னே பின்னே இருந்தால் அம்மாவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கோயிலைச் சுற்றிய தெருவில் ஒரு பழைய சத்திரம் பூட்டியே கிடந்தது. அதன் சுவரோரம்தான் நம் மர அலமாரி. சாமி பார்க்கப் போகிறவர்கள் செருப்பை நம்மிடம் விட்டுவிட்டுத் தகர டோக்கனை வாங்கிக்கொண்டு போவார்கள். வீட்டுச் சோறு, உங்கள் படிப்பு எல்லாமே அந்த அலமாரியில்தான்.

பிறகு சத்திரத்தைப் பழுதுபார்த்து, ஓவியமும் சிற்பமும் வைக்கப்போவதாகச் சொன்னார்கள். தெருவை அகலப்படுத்தினார்கள். மின்கம்பிகள் மண்ணுக்குள் போயின. கடைப் பந்தல்களும் போயின. ஒருநாள் விடியற்காலையில் பார்த்தால், நம் இடத்திலிருந்து மலை அடிவாரம் வரைக்கும் தெரிந்தது. அடியில் படர்ந்த பனியில் மலை தரையைத் தொடாமல் மிதக்கிற மாதிரி இருந்தது. அத்தனை வருஷம் அங்கேயே உட்கார்ந்தும் நான் அப்படிப் பார்த்ததில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன். நடுவில் இருந்தவர்கள் எல்லாம் போய்விட்டார்கள், அடுத்தது நாம்தான் என்பது அப்புறம்தான் உறைத்தது.

கட்டட வேலையைப் பார்த்துக்கொண்ட மேடம் சொல்லியும்விட்டார்.

“அண்ணா, திறப்பு விழா அன்னைக்கு அலமாரிய எடுத்துடுங்க. மியூசியத்துக்குள்ள செருப்போடவே வரலாம். பஸ் ஸ்டாண்டு பக்கம் வேற எடம் கேட்டுப் பாக்குறேன்.”

வீட்டில் வந்து சொன்னேன்.

“பஸ் ஸ்டாண்டுல எவன் செருப்பக் கழட்டுவான்?” என்றாள் உங்கள் அம்மா. “போய் இன்னொரு வாட்டி கேளுங்க. வாயில கொழுக்கட்டையா வச்சிருக்கீங்க?”

திறப்பு விழா அன்று காலை போனேன். லேசான தூறல். கதவு திறந்திருந்தது. படியில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். கழற்ற வேண்டும் என்று நினைக்கவே இல்லை. வாசலைப் பார்த்ததும் கால் தானாகக் கழற்றிவிட்டது.

உள்ளே வெள்ளைச் சுவர்கள். முற்றத்தின் மேலே இருந்து பால் மாதிரி வெளிச்சம் இறங்கியது. கருங்கல் தரை பாதத்தில் சில்லென்று ஏறியது. நம் மலையையே ஒருவர் நீலத்தில், சாம்பலில், ஈரமண் நிறத்தில் என்று விதவிதமாக வரைந்திருந்தார். ஒரு படத்தில் மேகம் எது, மலை எது என்றே தெரியவில்லை. நடு முற்றத்தில் கல்லில் ஒரு பெண் நின்றிருந்தாள். நான் அவளை வலமாகச் சுற்றினேன். மூன்று சுற்று முடிந்தபோது, எதைக் கேட்க வந்தேன் என்பதே மறந்துபோயிருந்தது.

வாசலில் சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன்.

“பெரியவரே, செருப்பு போட்டுட்டே போலாம்” என்று காவலாளி கெஞ்சிக்கொண்டிருந்தார்.

“சாமி செல உள்ள இருக்குதாமே?” என்றார் வேட்டி கட்டிய பெரியவர்.

“இருக்குது. ஆனா இது கோயில் இல்லீங்க.”

“அத அந்தச் சாமி சொல்லட்டும். கழட்டினத மறுபடி மாட்டிக்கறேன்.”

எட்டிப் பார்த்தேன். படி முழுக்கச் செருப்பு. என் ஜோடியைப் பார்த்து முதலில் வந்த குடும்பம் கழற்றியிருக்கிறது. அதைப் பார்த்து அடுத்தவர்கள். ஒரு அம்மா குவியலைக் கிளறிக்கொண்டு, “ஏம்பா, ஒத்தக் கால் செருப்ப காணோம்பா!” என்று கத்தினார். விழாவுக்கு வரும் அதிகாரிகள் கால் வைக்க இடமில்லை.

மேடம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

“யாருண்ணா இத ஆரம்பிச்சது?”

“நான்தாங்க மேடம்” என்றேன். பொய் சொல்ல வரவில்லை.

என் வெறுங்காலைப் பார்த்தார். கோபம் வரும் என்று நினைத்தேன். சிரிப்புதான் வந்தது அவருக்கு.

“அந்த டோக்கனுங்க கையில இருக்குதா?”

ஓடினேன். காவலாளியும் நானும் அலமாரியைத் தூக்கிவந்து படியோரம் வைத்தோம். செருப்பை எல்லாம் ஜோடி சேர்த்து அடுக்கினேன். என்னுடையது அடியிலேயே மாட்டிக்கொண்டது. அன்று முழுக்க வெறுங்காலோடுதான் நின்றேன். அந்தக் கல்லின் குளிர்ச்சி பாதத்தை விட்டுப் போகவே இல்லை.

சாயங்காலம் மேடம் வந்து, தன் ஷூவைக் கழற்றி என்னிடம் நீட்டினார். டோக்கனைக் கொடுத்தேன்.

“நாளைக்குக் காலைல சீக்கிரம் வந்துடுங்கண்ணா” என்று சொல்லிவிட்டு, வெறுங்காலோடு உள்ளே போனார்.