எஞ்சின் இல்லாத கொட்டகை

பேய், பிசாசு என்று யாராவது கதையைத் தொடங்கினால் கதிரையை விட்டு எழும்பிப் போகிற ஆள் நான். இதை நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்குக் கோபமில்லை, நடந்ததைத்தான் சொல்கிறேன்.

எழுபதுகளின் கடைசியில் திருகோணமலையில் ஒரு டொக்டரிடம் எழுதுவினைஞராக இருந்தேன். நிலாவெளிக்கு வடக்கே கனிய மணல் அகழ்ந்த இடத்தில் வேலை செய்த பலருக்கு நெஞ்சு வருத்தம், இருமல். அங்கே எஞ்சின் ஓடிய காலத்தில் அவர்கள் எவ்வளவு டீசல் புகையைச் சுவாசித்தார்கள் என்று மதிப்பிட வேண்டும். அப்போது யாரும் அளந்து வைக்கவில்லை, அதனால் ஆட்களைக் கேட்டும் எஞ்சின் இருந்த கொட்டகையை அளந்தும் எழுதுவதுதான் என் வேலை. கொட்டகைக் கதவு எப்போதும் திறந்தே இருந்தது என்றார்கள் மேலதிகாரிகள். அது உண்மையென்றால் வருத்தத்துக்குப் புகை காரணமில்லை என்று முடிந்துவிடும்.

அங்கே எஞ்சின் ஓட்டியவர் கிண்ணியா ஊர்க் காசிம். காக்கா, அதாவது அண்ணன், என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். ஒரு மத்தியானம் அவரைக் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எஞ்சினைக் கழற்றிப் பல வருஷம், வெறும் சீமெந்துத் தரைதான் கிடந்தது.

"மணல் அடிச்சா எஞ்சின் பழுதாப்போகும் தம்பி. இப்பிடிச் சாத்திப்போட்டுத்தான் ஓட்டினது" என்று கதவை இழுத்துச் சாத்தினார். நான் யன்னலை அளந்தேன், கேட்டேன், அவர் சொல்லச் சொல்லக் கொப்பியில் எழுதினேன். அரை மணித்தியாலம் இருக்கும்.

வெளியே வந்தால் எங்களை ஏற்றி வந்த ஜீப் டிரைவர் ஓடி வருகிறான்.

"என்ன ஐயா, ரெண்டு பேருக்கும் சண்டையோ? கத்தினது றோட்டு வரைக்கும் கேட்டுது!"

அப்போதுதான் உறைத்தது. உள்ளே நான் அவருடைய காதுக்குள் கத்தியிருக்கிறேன், அவரும் அப்படித்தான். எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. ஒரு சத்தமும் இல்லாத வெறும் கொட்டகையில் எதற்குக் கத்தினோம்?

லேஞ்சியால் மூக்கைத் துடைத்தேன். கரி.

காக்கா அதைப் பார்த்தார். "எங்களுக்கு ஒவ்வொரு நாளும் உப்பிடித்தான்" என்றார், அவ்வளவுதான்.

படிவத்தில் 'புகை மிக அதிகம்' என்று எழுதினேன். "என்ன ஆதாரம்?" என்று டொக்டர் கேட்டார். "கதவு சாத்தியிருந்ததாம், காக்கா சொன்னவர்" என்றேன். ஒப்பமிட்டார்.

ஒன்றை மட்டும் நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. அன்றைக்குக் கொட்டகைக்குள்ளிருந்து வெளியே வரத் திரும்பியபோது காக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"அங்கால போகாதேங்க, எஞ்சின் பெல்ட் ஓடுது!"

சட்டென்று காலைப் பின்னுக்கு எடுத்தேன். முழங்காலுக்குக் கீழே காற்று அடித்தது. சூடான காற்று.