தலைப்பிள்ளை எங்கே பிறந்தார்

பண்ருட்டியைத் தாண்டி முந்திரிக்காட்டுக்கு நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். ஊர் மாதா கோயில் திருவிழாவுக்குக் கொடியேறிவிட்டால் ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்தின் உபயம். அன்றைய பூசை, சப்பரத்துக்குப் பூ, ராத்திரி சாப்பாடு எல்லாம் அந்தக் குடும்பத்தின் பொறுப்பு. சப்பரம் கிளம்புவதற்கு முன்னால் மைக்கில் அந்தக் குடும்பத்தின் பெயரைச் சொல்வார்கள். அந்த ஒரு நிமிட மைக்குக்காக வளையலை அடகு வைத்தவர்கள் எங்கள் ஊரில் உண்டு.

என் அப்பாவுக்கு அந்த மைக் கிடைத்ததே இல்லை. வருஷா வருஷம் திருவிழாக் கமிட்டியிடம் போய்க் கேட்பார். "பழைய குடும்பத்துக்குத்தான் உபயம். ஞானஸ்நானப் புஸ்தகத்துல பேரு இருக்கணும்" என்று சொல்லி ஒரு காபியும் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அப்பாவின் அப்பா, அதாவது என் தாத்தா, இந்த ஊர்ப் பிள்ளையே இல்லை என்பது அவர்கள் கட்சி. காலராவில் தாயும் தகப்பனும் போய்விட, சாமியார்கள் நடத்திய மடத்தில் வளர்ந்து, மீசை முளைத்த பிறகு ஊர் திரும்பியவர் தாத்தா. அவரை இன்னார் மகன் என்று அடையாளம் சொல்ல அவர் தெருவில் ஓர் ஆள்கூட மிஞ்சவில்லை. எங்கேயோ கிடந்த பிள்ளையைச் சாமியார் கொண்டுவந்து இங்கே குடிவைத்துவிட்டார் என்று அன்றைக்கு யாரோ வாய்க்கு வந்ததைச் சொல்ல, அது இன்றுவரை 'மடத்துப் புள்ள வீடு' என்று எங்கள் வீட்டுக்குப் பெயராகவே நின்றுவிட்டது.

ஒருமுறை நான் அப்பாவிடம் எரிந்து விழுந்தேன். "மடத்துல வளந்தா என்னப்பா கேவலம்? வளத்தவங்களுக்கு நன்றி சொல்லிட்டு விட்டுத் தள்ளுங்களேன்."

அப்பா சாப்பிட்ட கையோடு என்னைப் பார்த்தார். "கேவலம்னு நான் சொன்னனா பாப்பா? எங்கப்பாவப் பெத்தவ இந்த ஊர்ல குடித்தனம் பண்ணவ. இந்தக் கேணியில தண்ணி எடுத்தவ. அப்புடி ஒருத்தியே இல்லைங்கறானுவ. அதான் எனக்கு ஆறமாட்டேங்குது."

அந்தப் பெண்ணின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. தகப்பன் பெயர் நம் ஊரில் இனிஷியலாக ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. தாயின் பெயர் ஒட்டிக்கொள்ள ஓர் எழுத்துக்குக்கூட இடம் கிடையாது. தாத்தாவுக்கு அவள் வெறும் அம்மா. அந்த வயதில் பிள்ளைக்கு அம்மாவின் பெயர் எதற்கு?

நான் கடலூரில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். 'இந்த ஆதாரம் போதாது, வேறு கொண்டு வாங்க' என்று சொல்லி ஆட்களைத் திருப்பி அனுப்புவதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. அதனால் போன வருஷமும் அப்பா காபி குடித்துவிட்டு வெறுங்கையோடு திரும்பி வந்தபோது, அவர்களுக்கு ஆதாரம்தானே வேண்டும், அவர்கள் மூஞ்சியில் அடிக்கிற மாதிரி ஒன்றைக் கொண்டுவந்து காட்டுகிறேன் என்று கிளம்பினேன்.

பங்குச் சாமியார் இளவயதுக்காரர், நல்ல மனிதர். கண்ணாடி பீரோவைத் திறந்து பழைய புஸ்தகங்களை மேசைமேல் வைத்தார். தாத்தாவின் கல்யாணப் பதிவு இருந்த புஸ்தகம் ஏதோ ஒரு மழையில் ஊறி செங்கல் மாதிரி இறுகிக் கிடந்தது. அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். ஞானஸ்நானப் புஸ்தகம் பிழைத்திருந்தது. எல்லாம் லத்தீன். மகன், மகள், தகப்பன், தாய் என்று நாலைந்து சொற்களைச் சாமியார் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார். அதை வைத்துக்கொண்டு சனிக்கிழமைகளில் உட்கார்ந்தேன். எழுதிய வெள்ளைக்காரச் சாமியாருக்குக் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி. நம் ஊர்ப் பெயர்களை அவர் காதில் விழுந்தபடி எழுதியிருந்தார்.

தாத்தா பிறந்திருக்கக்கூடிய வருஷங்களை முன்னும் பின்னும் புரட்டினேன். தாத்தாவின் பெயரில் பிள்ளைகள் இருந்தார்கள். எல்லாம் வேறு தகப்பன்மார். பெண் குழந்தைகளின் பதிவுகளை ஒரு பார்வைகூடப் பார்க்காமல் தாண்டினேன். கடைசிப் பக்கத்தை மூடியபோது எனக்கு அழுகை வந்தது. கமிட்டிக்காரர்கள் சொன்னது உண்மையாகவே இருந்துவிட்டால் அப்பாவிடம் எந்த வாயால் சொல்வேன்? ஒரு மாதம் அவர் முகத்தைப் பார்க்காமல், வேலை ஜாஸ்தி என்று சாக்கு சொல்லிக்கொண்டு கடலூரிலேயே இருந்துவிட்டேன்.

அந்த மாதத்தில்தான் எங்கள் அலுவலகத் தோழி தன் மகளின் வளைகாப்புக்குக் கூப்பிட்டிருந்தாள். கடலூர் முதுநகரில் ஒரு சின்ன மண்டபம். பெண்ணுக்குச் சந்தனம் பூசி, வளையல் போட்டுவிட்டு, கலந்த சாதத் தட்டோடு உட்கார்ந்தேன். தோழி பக்கத்தில் வந்து உட்கார்ந்து பெருமூச்சு விட்டாள்.

"இன்னிக்கே கையோட அழச்சிகினு போயிடறோம்க்கா. மாப்ளைக்குத்தான் மனசே இல்ல. தலைப்பிரசவம் எங்க வீட்லதான்னு அடிச்சு சொல்லிட்டேன்."

"பின்ன, அதானே மொற" என்று சொல்லிவிட்டுப் புளிச்சாதத்தை எடுத்த கை அப்படியே நின்றது.

தலைப்பிரசவம் தாய்வீட்டில். தனக்கு வைத்தது தன்னுடைய தாத்தா பெயர் என்று தாத்தா சொல்லுவாராம். அப்படியென்றால் அவர் தலைப்பிள்ளை. அந்தக் காலத்தில் பிறந்த வாரத்திலேயே ஞானஸ்நானம் கொடுத்துவிடுவார்கள். பச்சைப்பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் மோட்சம் கிடைக்காதே என்ற பயம். அப்படியானால் அவர் பெயர் அவருடைய அம்மா ஊர்க் கோயிலில்தானே இருக்கும்! எங்கள் ஊர்ப் புஸ்தகத்தில் எப்படி இருக்கும்? என்னை எடுத்துக்கொண்டாலே போதும். எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தது என் அம்மாவின் ஊரில். என் கல்யாணத்தின்போது அந்தச் சர்டிபிகேட்டுக்காக அங்கே போய் நான்தான் வாங்கி வந்தேன். ஊரில் உள்ள எல்லாருக்கும் தெரிந்த முறை, புஸ்தகத்தைக் கண்டதும் என் மண்டையிலிருந்து கழன்று விழுந்துவிட்டது. தோழியின் கன்னத்தைக் கிள்ளி ஒரு முத்தம் கொடுத்தேன். பந்தியில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

ஆனால் அம்மாவின் ஊர் எது? அதற்கும் வழி அந்த முறையிலேயே இருந்தது. இரண்டாவது பிரசவத்துக்கு எத்தனை பேர் தாய்வீடு போகிறார்கள்? தாத்தாவுக்குப் பின்னால் ஒரு தம்பியோ தங்கையோ பிறந்திருந்தால், அந்தப் பிள்ளை எங்கள் ஊரில்தான் பிறந்திருக்கும், இங்கேதான் பதிவாகியிருக்கும், பக்கத்தில் தாயின் விவரமும் இருக்கும்.

அடுத்த சனிக்கிழமை சாமியார் பூசை முடித்து வருமுன்பே வாசலில் நின்றேன். இந்தத் தடவை தகப்பன் பெயரை மட்டும் தேடினேன், ஆணா பெண்ணா என்று பார்க்கவில்லை. முதல் நாளே நான் புரட்டிய ஒரு பக்கத்தில், நான் மதிக்காமல் தாண்டிப்போன ஒரு பெண் குழந்தை. தகப்பன் பெயர் தாத்தாவின் இனிஷியலில் இருக்கிற அதே பெயர். பக்கத்தில் தாயின் பெயர். அதற்குப் பக்கத்தில், அந்த வெள்ளைக்காரருக்கு எந்தப் புண்ணியவானோ சொல்லிக்கொடுத்த புத்தியில், தாய் பிறந்த ஊர்.

அப்பாவுக்கு ஓர் அத்தை இருந்திருக்கிறாள். அவளும் காலராவோடு போயிருக்க வேண்டும். இருந்திருந்தால் மடத்துக்கு இரண்டு பிள்ளைகள் போயிருப்பார்களே. அவள் பெயரை விரலால் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பெண் என்று உன்னைத் தள்ளிவிட்டுப் போனேனே, நீதானடி வழி காட்டினாய் என்று மனசார அவளுக்கு நன்றி சொன்னேன்.

தாயின் ஊர் சிதம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கிராமம். அப்பாவிடம் போய் ஊர்ப் பெயரைச் சொன்னதும் அவர் எழுந்து நின்றுவிட்டார். அவர் ஓய்வுபெறும்வரை கடலூர்–சிதம்பரம் தடத்தில் பஸ் ஓட்டியவர்.

"அந்த ஸ்டாப்பிங்கா? தெனம் நிறுத்தியிருக்கன் பாப்பா! ஒரு புளியமரம், ஒரு சைக்கிள் கடை. கீர மூட்ட ஏத்துவாளுவளே, லேட் பண்றாளுவன்னு கத்துவேன்." கையைத் தலையில் வைத்துக்கொண்டார். "நம்ம சொந்தக்காரவுங்களத்தான் கத்தினனா?"

இருவரும் பஸ்ஸிலேயே போனோம். டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்த அப்பா, குடிகாடு தாண்டும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு அந்த டிரைவர் கியர் போடுவதில் குறை கண்டுபிடிக்க ஆரம்பித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது.

அந்தப் பங்கின் சாமியார் வயதானவர், கறாரானவர். தேதி தெரியாமல் புஸ்தகத்தைத் திறக்க முடியாது என்றார். எங்கள் அலுவலகத்தில் நான் பேசுகிற அதே குரல். எதிர்ப்பக்கம் நின்று அதைக் கேட்க நன்றாகத்தான் இல்லை. தாத்தாவின் தங்கையுடைய பதிவு நகலை எடுத்து அவர்முன் வைத்து, "இவளுக்கு முந்தின புள்ள, சாமி. தலைப்புள்ள. அம்மா வீட்ல பொறந்திருக்கணும்" என்றேன். அவர் நகலைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், பிறகு மூக்குக்கண்ணாடியைத் தேடினார். தங்கை பிறந்ததற்கு இரண்டு வருஷம் முந்தைய பக்கங்களில் அவரே கண்டுபிடித்தார். தாத்தாவின் பெயர். அதே தகப்பன், அதே தாய். தகப்பனின் ஊர் என்ற இடத்தில், கோழி கிளறாத அழகான கையெழுத்தில், எங்கள் முந்திரிக்காட்டு ஊர்.

அப்பா சத்தம் போட்டு அழுதார். எனக்கு வெட்கமாகவே இல்லை. நானும் அழுதேன்.

இந்த வருஷக் கமிட்டிக் கூட்டத்துக்கு அப்பாவோடு நானும் போனேன். பெண்கள் போகிற வழக்கமில்லை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகப் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். தாத்தாவுடையது, அவர் தங்கையுடையது, இரண்டு சர்டிபிகேட்டையும் மேசையில் வைத்தேன். கமிட்டித் தலைவர் முந்திரி வியாபாரி, லேசில் மடங்குகிற ஆளில்லை. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"எல்லாம் சரிதான் தங்கச்சி. ஆனா அவுரு சிதம்பரம் பக்கம்ல பொறந்துருக்காரு? அப்ப நம்மூருன்னு எப்புடிச் சொல்றது?"

இதைத்தான் எதிர்பார்த்துப் போயிருந்தேன். "அண்ணே, ஒங்க மூத்தவன் எங்க பொறந்தான்?"

"விருத்தாசலத்துல. அவுங்கம்மா வீட்ல."

"அப்ப அவன் விருத்தாசலத்தானா? அடுத்த வருஷம் ஒங்க உபயத்த அங்க மாத்திடலாமா?"

யாரோ பின்னால் குபீரென்று சிரித்தார்கள். கூட்டத்தில் இருந்த ஆண்கள் அத்தனை பேரும் மனசுக்குள் தங்கள் மூத்த பிள்ளைகளை எண்ணிப் பார்ப்பது முகத்திலேயே தெரிந்தது. பாதிப் பேருடைய வாரிசுகள் அயலூரில் பிறந்தவர்கள். தலைவரும் சிரித்துவிட்டார். அந்த விஷயத்தில் அவரைச் சும்மா சொல்லக்கூடாது, தோற்றதும் முழுசாகத் தோற்றார். "எந்த நாள் வேணும்னு அவுரையே கேளுங்கப்பா" என்றார்.

அப்பா எந்த நாள் கொடுத்தாலும் சரி என்றார். "ஆனா மைக்குல எம்பேரு வேணாம். எங்கப்பனப் பெத்தவ பேரச் சொல்லணும்."

எங்களுக்கு ஆறாம் நாள் கிடைத்தது. மல்லிகையை நானே பண்ருட்டி மார்க்கெட்டில் நின்று பேரம் பேசி வாங்கினேன். அலுவலகத் தோழி கைக்குழந்தையோடு இருந்த மகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். பூசை முடிந்தது. சப்பரத்தைத் தூக்க ஆட்கள் தோள் கொடுத்து நின்றார்கள். மைக்கில் இன்றைய உபயம் என்று ஆரம்பித்து, அவள் பெயரைச் சொல்லி, அவள் வழி வந்த குடும்பம் என்று சொன்னார்கள். அந்த ஊரில் அவள் பெயரைச் சத்தமாகச் சொல்லி எத்தனை காலம் ஆகியிருக்குமோ. கேணி, தெரு, முந்திரிக்காடு எல்லாவற்றுக்கும் கேட்டிருக்கும்.

மாலை போட்டுக்கொண்டு சப்பரத்துக்கு முன்னால் நின்ற அப்பா, கையைத் தூக்கிக் கத்தினார்.

"சரியா கேக்கல! இன்னொரு வாட்டி சொல்லுங்க!"

மறுபடியும் சொன்னார்கள். அப்பாவுக்குக் காது நன்றாகவே கேட்கும்.