பெஞ்சில் மூன்று பேருக்கு இடம்

பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு வகுப்பே சேர்ந்து வாய்ப்பாடு கத்தும். இந்தப் பக்கம், நீளமான பெஞ்சில் நான் மட்டும்...

காரிமங்கலம் பக்கம் எங்கள் ஊரில் பாதி வீடுகளில் தெலுங்குதான் பேச்சு. வெள்ளைக்காரன் காலத்தில் பள்ளிக்கூடம் தொடங்கும்போதே தமிழுக்கு ஒரு பிரிவு, தெலுங்குக்கு ஒரு பிரிவு என்று பிரித்துவிட்டார்களாம். அவன் போய்விட்டான், பிரிவு போகவில்லை. ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராகப் பிள்ளைகளைத் தமிழ் மீடியத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

"நம்ம பாஷைய நாமளே வுட்டா எப்டி?" என்று அப்பா மட்டும் பிடிவாதமாக நின்றார்.

ஐந்தாம் வகுப்பு தெலுங்கு மீடியத்தில் நான் ஒருத்திதான் மிச்சம். முதல் ராங்க் நான், கடைசி ராங்கும் நானே! கிள்ளி விளையாடக்கூடப் பக்கத்தில் ஆள் இல்லை, போங்கள்.

ஒருநாள் ஆய்வுக்கு அதிகாரி வருகிறார் என்றார்கள். ஒரே பிள்ளையைப் பார்த்தால் பிரிவையே மூடிவிடுவாரே என்று ஹெட்மாஸ்டருக்குப் பயம். காலையிலேயே அந்தப் பக்கமிருந்து செல்வி, மாதம்மா, லட்சுமி மூவரையும் கூட்டிவந்து என் பெஞ்சில் உட்கார வைத்தார். மூவருக்கும் தெலுங்கு பேச வரும், படிக்க வராது.

"புக்கத் தொறந்து வச்சிக்கிட்டுக் கம்முனு இருங்க" என்றார்.

செல்வி இடுப்பில் இடித்தாள். "தள்ளிக் குந்துடி. இன்னிக்கு நாங்களும் உன் கிளாஸுதான்."

அடேயப்பா, எவ்வளவு சந்தோஷம் எனக்கு! ஒரே புத்தகத்தில் நான்கு தலைகளும் முட்டிக்கொண்டன. அதிகாரி சீக்கிரம் வந்து போகட்டும் என்று பள்ளிக்கூடமே வேண்டிக்கொண்டது. நான் மட்டும், சாமி, இன்றைக்கு அவர் வரவே கூடாது, அப்போதுதான் நாளைக்கும் இவர்கள் வருவார்கள் என்று வேண்டினேன்.

இன்டர்வெல்லுக்கு முன்பே ஜீப் வந்துவிட்டது. அதிகாரி வாசலில் நின்று தலைகளைப் பார்த்தார், போய்விட்டார். உள்ளேகூட வரவில்லை.

"நீங்க மூணு பேரும் உங்க கிளாஸுக்குப் போங்க" என்றார் ஹெட்மாஸ்டர்.

எல்லோருக்கும் நிம்மதி. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மறுநாள் பெஞ்சின் ஓரத்தில் போய் உட்கார்ந்தேன், மூன்று பேருக்கு இடம் விட்டு...

இப்போது தர்மபுரியில் என் மகள் இங்கிலீஷ் மீடியம். "பெஞ்சுல நசுக்குறாங்கம்மா" என்று தினமும் புகார். எனக்கு அது கேட்கக் கேட்க ஆசையாக இருக்கும்.

ஆபீஸ் கேன்டீனில் பெஞ்சே காலியாகக் கிடந்தாலும் நான் ஓரத்தில்தான் உட்காருவேன். "நல்லா நடுவுல உக்காருங்கக்கா" என்பார் டீ கொண்டுவருபவர்.

"யாராச்சும் வருவாங்க" என்பேன்.

பெரும்பாலும் யாரும் வருவதில்லை.