ஈரச் சுவர்

வெள்ளவத்தையில் என் ஃபிளாட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள். அந்த மணம் மூக்கில் ஏறினாலே எனக்குக் கோபம் வரும். கொட்டாஞ்சேனையில், இன்று அடுக்குமாடி நிற்கும் இடத்தில் இருந்த எங்கள் குறுகிய ஒழுங்கையில், ஜூன் மாதம் முழுக்க இயேசுவின் திருஇருதயச் சுரூபம் வீட்டுக்கு ஒரு நாள் தங்கி, மாலையானால் மணியும் பாட்டும் சாம்பிராணிப் புகையுமாக அடுத்த வீட்டுக்குப் போகும். எங்கள் வாசலில் மட்டும் அம்மா கையெடுத்துக் கும்பிட்டு, "சுவரெல்லாம் ஈரம். பிள்ளையளின்ர அப்பாவும் குடிச்சிட்டுக் கிடக்கிறார். பெயின்ட் அடிச்சுப்போட்டு வாற வருஷம் எடுக்கிறம்" என்பார். ஒவ்வொரு வருஷமும் அதே பேச்சு. மாட்டுத் தொழுவத்தில் பிறந்தவருக்கா எங்கள் ஈரச் சுவர் பெரிது? அம்மாவிடம் நான் கேட்காமலே விட்ட கேள்வி. அந்தச் சுவருக்குக் கடைசிவரை பெயின்ட் வரவில்லை, புல்டோசர்தான் வந்தது.

இப்போதும் ஜூன் மாதம்தான். இன்று காலை ஜெபக்குழு அக்கா கதவைத் தட்டினார்.

"நாளைக்குச் சுரூபத்தை உங்கட வீட்ட கொண்டு வரட்டா?"

"பெயின்ட் வேலை முடியட்டும் அக்கா" என்று என் வாய் சொல்லிவிட்டது. அம்மாவின் அதே குரல். என்மேலேயே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படி இறங்கியவரைப் பார்த்துக் கத்தினேன்:

"அக்கா, நாளைக்கு வேண்டாம். இப்பவே கொண்டு வாங்கோ!"