ஒல்லியின் மார்க்கும் தகுதி சாரின் பூந்தொட்டிகளும்

மார்க் எவ்வளவு என்று என்னிடம் கேட்காதீர்கள். எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். மளிகைக்கடையில் கேட்டார்கள். குழாயடியில் கேட்டார்கள். பல் பிடுங்கப் போன இடத்தில், வாயைத் திறந்து வைத்துக்கொண்டு கிடந்தபோது, பக்கத்து நாற்காலிக்காரி கேட்டாள். படக்கென்று வாயை மூடிக்கொண்டேன். டாக்டர் விரலை உதறிக்கொண்டு கத்தினார். அப்போதும் சொல்லவில்லையே, உங்களுக்கா சொல்லப் போகிறேன்?

"கோட்டாவுல வந்த பொண்ணு, எங்க நிலத்தையெல்லாம் என்னன்னு அளக்கப் போகுதோ" என்று பேசிக்கொள்கிறீர்களாம். உங்களுக்கு நிலம் இருக்கிறதா? முதலில் அதைச் சொல்லுங்கள். பாதிப் பேர் வாடகை வீட்டில் இருந்துகொண்டு என்ன பேச்சு இது!

அவள் என் தங்கை மகள். என் பேரப்பிள்ளைகளுக்குச் சித்தி, தெருவுக்கே ஒல்லி. நாங்கள் எல்லோரும் ஒரே வீடு. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அளக்கிற கிறுக்கு. சாணால் அளப்பாள், அம்மாவின் முந்தானையால் அளப்பாள். தூங்கிக்கொண்டிருந்த தாத்தாவை நூல் பிடித்து அளந்து, "தாத்தா போன மாசத்தைவிட குள்ளமாயிட்டாரு" என்று ஊரைக் கூட்டியவள். நான் ஆசைப்பட்டு ஒரு கட்டில் வாங்கினேன். கடையில் வைத்தே சொன்னாள், "பெரியம்மா, இது நம்ம வாசல்ல நுழையாது."

"நீ என்ன கொத்தனாரா? வாய மூடு" என்றேன்.

நுழையவில்லை. நான் விட்டுவிடுவேனா? ஒரு காலை அறுத்து, சாய்த்து, உள்ளே ஏற்றினேன். அன்று முதல் அந்தக் காலுக்குச் செங்கல்தான் முட்டு. இரவில் புரண்டு படுத்தால் வீடே எழுந்து உட்காரும். ஒல்லி இதை ஒரு நாளும் குத்திக்காட்டியதில்லை. செங்கல்லைப் பார்த்துச் சிரிப்பாள், அவ்வளவுதான்.

பாலிடெக்னிக்கில் நில அளவை படித்தாள். படித்ததும் வேலை வரவில்லை. என் தங்கைக்கு இடுப்பு விழுந்துவிட, ஒல்லிதான் துணிக்கடையில் மீட்டர் கணக்கில் துணி கிழித்துப் போட்டுக் குடும்பத்தைத் தாங்கினாள். சர்வேயர் பரீட்சைக்கு உட்காரும்போது வயசு ஏறிவிட்டது.

இந்த இடத்தில் எதிர்வீட்டுக்காரரைச் சொல்லியாக வேண்டும். தெருவில் அவருக்குத் தகுதி சார் என்று பெயர். எதைப் பேசினாலும் அந்தச் சொல் வராமல் இருக்காது. கீரை வாடியிருந்தால் தகுதியில்லாத கீரை. மழை பெய்யாவிட்டால் மேகத்துக்குத் தகுதியில்லை. ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்தார். எப்படிச் சேர்ந்தார் என்கிறீர்களா? தாய்மாமா அங்கே மேனேஜர். மாமா கை காட்டினார், மருமகன் உட்கார்ந்தார். இவர் எழுந்ததும் அதே நாற்காலியில் இவர் பையன் உட்கார்ந்தான். நாற்காலி ஆறவே இல்லை. அங்கே யார் மார்க் கேட்டார்கள்?

நானும் என் தங்கையும் அவர் வீட்டுக் கழிப்பறை கழுவியவர்கள். எங்கள் சாதிக்கு அந்த வேலைதான் என்று யாரோ எப்போதோ முடிவு செய்திருந்தார்கள். பின்பக்கம் சுற்றிச் சுற்றி ஏறும் ஓர் இரும்புப் படி உண்டு. அதன் வழியாகத்தான் போக வேண்டும், வர வேண்டும். முன்வாசலில் கால் வைக்கக் கூடாது. யோசித்துப் பார்த்தால் அந்தப் படி எங்களுக்கென்றே ஒதுக்கியது. வேறு யாரும் போட்டிக்கு வரவில்லை. 'இது அநியாயம், எங்களுக்கும் அந்த இரும்புப் படியில் பங்கு வேண்டும்' என்று ஒருத்தர்கூடக் கொடி பிடிக்கவில்லை.

சரி, கதைக்கு வருகிறேன். முதல் தடவை அவள் விண்ணப்பம் போடுகிற சமயம். தகுதி சார் பூந்தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். வாசலில் வரிசையாக வைத்திருப்பார், தொட்டியில் பாதி தெருவில்தான் இருக்கும்.

"உனக்கென்னம்மா, பேர ஒழுங்கா எழுதினாலே போதும். சீட்டுல துண்டு போட்டு வச்சிருக்காங்க" என்றார்.

அது ஒல்லிக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. சாப்பிட உட்கார்ந்தவள் தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்: "சாதி கட்டத்துல நான் எதுவும் போடப் போறதில்ல. பொதுவுலயே போட்டி போடுறேன்."

என் தங்கை கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே போட்டாள். "ஏண்டி, உனக்குக் கிறுக்கா? சட்டம் குடுத்தத வேணாங்குறியே!"

"நான் யார் வாயிலயும் விழ வேணாம்மா."

"அந்தாளு வாய அடைக்க நம்ம வீட்டு சோத்துப் பானையா கிடைச்சுது?" என்றேன் நான்.

"பெரியம்மா, நீ கால அறுத்துக் கட்டில உள்ள கொண்டாந்தவதானே? நான் மட்டும் பிடிவாதம் பிடிக்கக் கூடாதா?"

என் குணத்தை என் மேலேயே எறிந்தாள். நான் குழம்பை ஊற்றிக்கொண்டேன்.

பரீட்சை எழுதினாள். மயிரிழையில் போயிற்று. ஒதுக்கீட்டில் இருந்திருந்தால் சுலபமாகக் கிடைத்திருக்கும் என்று உடன் எழுதியவர்கள் சொன்னார்கள். மறுநாள் காலை தகுதி சார் தொட்டிகளுக்கு நடுவிலிருந்து தலையை நீட்டினார்.

"அடடா! கோட்டா இருந்தும் கிடைக்கலையாம்மா?"

வீட்டுக்குள் வந்தவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நாங்களும் என்னவென்று தெரியாமலே சிரித்தோம். பிறகு குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். குழாயை முழுதாகத் திறந்துவிட்டாள், எங்களுக்குக் கேட்கக் கூடாதாம். எனக்குக் கேட்டது.

அதற்குப் பிறகு ஒரு பரீட்சைதான் பாக்கி. பொதுவில் எழுத அவளுக்கு வயசு தாண்டிவிட்டது. சாதிக் கட்டத்தை நிரப்பினால் வயசுச் சலுகையில் எழுதலாம், நிரப்பாவிட்டால் காலம் முழுக்கத் துணி கிழிக்கலாம். தங்கை அழுதாள், நான் கத்தினேன். ஒல்லி விண்ணப்பத்தை எடுப்பாள், அந்தக் கட்டம் வந்ததும் மூடி வைப்பாள். கடைசி நாள் நெருங்கிக்கொண்டே வந்தது.

அந்த நேரத்தில்தான் கட்டில் செங்கல்லோடு சேர்ந்து சரிந்தது. மரக்கடைக்குக் கொண்டுபோய்ப் புதுக்கால் போடலாம் என்று தள்ளுவண்டிக்காரரைக் கூப்பிட்டேன். இந்த முறை ஒல்லி சொன்னபடி கேட்டு, காலெல்லாம் கழற்றி வெளியே எடுத்து, வண்டியில் ஏற்றினோம். வண்டி திரும்பவில்லை. முன்னால் தள்ளினால் பூந்தொட்டி, பின்னால் இழுத்தால் எங்கள் சுவர்.

"சார், இந்தத் தொட்டிய கொஞ்சம் உள்ள தள்ளிக்குங்களேன்" என்றார் வண்டிக்காரர்.

"அது எங்க இடம்பா."

ஒல்லி பையிலிருந்து டேப்பை எடுத்தாள். தெருமுனையில் அளந்தாள், இங்கே வந்து அளந்தாள். "சார், அங்க இருக்குற அகலம் இங்க இல்லையே. ஒரு முழத்துக்கு மேல குறையுது."

"ரொம்ப காலமா நாங்கதான் வச்சிருக்கோம்" என்றார் அவர்.

"எந்தப் பரீட்சை எழுதி வாங்கினீங்க சார்?"

வண்டிக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் கட்டில் சட்டத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். தகுதி சார், "மரியாதையாப் பேசு" என்றார். தொட்டி நகரவில்லை. கட்டிலை மறுபடி வீட்டுக்குள் கொண்டுவந்து செங்கல் மேல் வைத்தோம். ஒல்லி கை கழுவினாள், உட்கார்ந்தாள், விண்ணப்பத்தை முன்னால் இழுத்தாள்.

"அவர் கேக்காமலே எடுத்துக்கிட்டார், கூச்சப்படல. நான் எனக்குள்ளத கேட்டு வாங்கிக்கறதுக்கு இவ்வளவு நாளாக் கூச்சப்பட்டுட்டேன்" என்றாள். கட்டத்தை நிரப்பினாள். பேனாவை இவ்வளவு அழுத்தி அவள் எழுதி நான் பார்த்ததில்லை.

வேலை கிடைத்தது. மார்க்கும் வந்தது. பொதுப் பட்டியலின் கடைசி மார்க்குக்கு மேலேயா கீழேயா என்று வாசித்துச் சொன்னவள், "பெரியம்மா, இத யார்கிட்டயும் சொல்லாத" என்றாள். மேலே என்றால் சொல்லிக்கொள்ளலாமே, கீழே போலிருக்கிறது என்பீர்கள். கீழே என்று சொன்னால் பார்த்தீர்களா கோட்டா என்பீர்கள், மேலே என்று சொன்னால் ஆணவம் என்பீர்கள். எதைச் சொன்னாலும் உங்களிடம் ஒரு பேச்சு தயாராக இருக்கிறது. கழுவுகிற வேலைக்குக் கேட்காத மார்க்கை அளக்கிற வேலைக்கு மட்டும் கேட்பவர்களுக்கு நான் ஏன் சொல்ல வேண்டும்?

வேலையில் சேர்கிற நாள் வந்தது. சட்டையை இஸ்திரி போட்டவள் அவள் அம்மா. வலியை மறந்து காலர் மடிப்பை மட்டும் மூன்று தடவை தேய்த்தாள், ஓர் இடம் பழுப்பேறிவிட்டது. "பரவால்லம்மா, முடியில மறைஞ்சிடும்" என்று ஒல்லி அதையே போட்டுக்கொண்டாள். டேப்பைப் பையில் வைத்தாள். "முதல் நாளே எதுக்குடி?" என்றேன். "இருக்கட்டும் பெரியம்மா" என்றாள்.

எங்கள் முன்வாசலில் கால் வைத்ததுதான் தாமதம், எதிரே தகுதி சார், கையில் தண்ணீர்க் குவளையோடு.

"வாழ்த்துகள்மா. ஆமா, மார்க் எவ்வளவுன்னு சொல்லவே இல்லையே?"

ஒல்லி செருப்பு வாரை நிதானமாக மாட்டினாள். பிறகு நிமிர்ந்து தொட்டி வரிசையை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை பார்த்தாள். முகத்தில் அத்தனை மரியாதை.

"சாயங்காலம் பேசலாம் சார். எந்தெந்தத் தெரு என் கணக்குல வருதுன்னு மொதல்ல ஆபீஸ்ல கேட்டுட்டு வந்துடுறேன்."

"போய்ட்டு வரேன் பெரியம்மா" என்று என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு நடந்தாள். கழுத்தோரத்தில் அந்தப் பழுப்பு தெரிந்துகொண்டுதான் இருந்தது. எனக்குக் கண் கலங்கியது, வெயில் என்று சொல்லிக்கொண்டேன்.

அவள் முனை திரும்பியிருக்க மாட்டாள். கர்ரென்று ஒரு சத்தம். தகுதி சார் ஒரு பக்கமும் அவர் மனைவி ஒரு பக்கமுமாகப் பெரிய தொட்டியை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார்கள். "மெதுவாங்க, இடுப்பு போயிடும்" என்றார் அந்தம்மா. நான் உதவிக்குப் போகவில்லை. முன்வாசலில் நின்று கடைசித் தொட்டி உள்ளே போகும்வரை பார்த்தேன். தெரு நன்றாக அகலமாக இருந்தது.

உள்ளே திரும்பி, தங்கையிடம் தள்ளுவண்டிக்காரரைக் கூப்பிடச் சொன்னேன், கட்டிலை எடுக்க.