ஏரிக்குள் மண் ரேஸ்: உள்வேலியில் மாட்டிய சேலைத் தலைப்பு

காய்ந்த ஏரியில் நடக்கும் மண் ரேஸைப் பார்க்கப் போகலாமா, எப்படிப் போவது, எங்கே தங்குவது என்று இந்த வலைப்பூவில் சிலர் பின்னூட்டம் போட்டிருந்தீர்கள். போகலாம். 2006 கோடை விடுமுறையில் நாங்கள் திருவண்ணாமலைப் பக்கம் போய்வந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சரியான பயந்தாங்கொள்ளி. மாடிப்படி இறங்கும்போதுகூடக் கைப்பிடியை விடமாட்டேன். எனக்கு வாய்த்த வீட்டுக்காரரோ ரேஸ் ஓட்டுகிறவர்.

என் கணவர் முரளிக்குத் தாம்பரத்தில் கார் பட்டறை. யாரோ எடைக்குப் போட இருந்த ஒரு சின்னக் காரை வாங்கி, கண்ணாடி, பின்சீட் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, உள்ளே இரும்புக் குழாயில் கூண்டு வைத்து வெல்டிங் செய்து வைத்திருந்தார். கீழ்பென்னாத்தூரில் டிராக்டர் ரிப்பேர் பட்டறை வைத்திருக்கும் ஏழுமலை அவருடைய பழைய நண்பர். "ஏரி காஞ்சி கெடக்குது முரளி, ரேஸ் வெக்கிறோம், வந்துடு" என்று அவர் போன் செய்ததும் இவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பிள்ளைகளை என் அம்மா வீட்டில் விட்டுவிட்டு நானும் கிளம்பினேன். அவர் ஓட்டுவதைப் பார்க்க எனக்குப் பயம். பார்க்காமல் வீட்டில் உட்கார்ந்திருப்பது அதைவிடப் பயம்.

சனிக்கிழமை காலை ஐந்து மணிக்குத் தாம்பரத்திலிருந்து புறப்பட்டோம். ஒரு மினி லாரியில் காரை ஏற்றிக் கட்டி, முன்னால் டிரைவர் காதர் பாயோடு நாங்கள் இருவரும் நெருக்கி உட்கார்ந்தோம். வாடகை போக வர மூவாயிரத்து இருநூறு. செங்கல்பட்டு, திண்டிவனம், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு மொத்தம் நூற்று அறுபது கிலோமீட்டர். திண்டிவனத்தில் இட்லி சாப்பிடலாம், நன்றாக இருக்கும். அதற்குப் பிறகு சாலை குறுகலாகிவிடும். வழியெல்லாம் காதர் பாய் கண்ணாடியில் பின்னால் இருந்த காரைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"இதுல கதவையும் சேத்து வெல்டு வெச்சிட்டீங்களே சார். எப்படி எறங்குவீங்க?"

"ஜன்னல் வழியாதான் பாய்."

"அவசரத்துக்கு?"

"அவசரத்துக்கும் அதே ஜன்னல்தான்."

காதர் பாய் என்னைப் பார்த்தார். நான் செஞ்சிக் கோட்டையைப் பார்த்தேன்.

பதினோரு மணிக்குத் திருவண்ணாமலை. தேரடி வீதியிலிருந்து நடக்கும் தூரத்தில் ஒரு லாட்ஜ், இரண்டு பேருக்கு முந்நூற்று ஐம்பது ரூபாய். பௌர்ணமி இல்லாத நாளாகப் பார்த்துப் போங்கள், இல்லாவிட்டால் மூன்று மடங்கு கேட்பார்கள், அப்போதும் ரூம் கிடைக்காது. கோயிலுக்கு வெயிலில் போகாதீர்கள். பிரகாரத்துக் கல்லில் கால் வைத்த கதையைச் சொன்னால் இந்தப் பதிவு முடியாது.

ரேஸ் நடந்த ஏரி, கீழ்பென்னாத்தூர் போகிற சாலையில் பதினாலு கிலோமீட்டர் வந்து, பிரிந்து உள்ளே மூன்று கிலோமீட்டர். கடைசி மூன்றுக்குப் பஸ் கிடையாது. மாலை நான்கு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். ஏரிக்கரையே கேலரி. கீழே காய்ந்த தரையை உழுது, தண்ணீர் தெளித்து, நீள்வட்டமாகப் பாதை போட்டிருந்தார்கள். நடுவில் ஒரு கருவேல மரம். அதன் அடியில் மஞ்சள் பூசிய ஏழு கற்கள், கன்னிமார். ஏரி நிரம்பினால் தண்ணீருக்குள் போய்விடுமாம். வற்றி வெளியே வந்ததும் ஊரே கூடிப் பொங்கல் வைப்பார்களாம்.

ரேஸுக்கு முன் ஓட்டுகிறவர்கள் பாதையை நடந்து பார்ப்பது வழக்கம். முரளியோடு நானும் ஒரு சுற்று நடந்தேன். வெளிப்பக்கம் ஜனம் நிற்கும் பக்கம் என்பதால் மணல் மூட்டையை இரண்டு வரிசை அடுக்கியிருந்தார்கள். உள்பக்கம் வளைவை யாரும் குறுக்கே வெட்டிப் போகாமல் இருக்க ஒரு வேலி. வயல் வேலிக்கு நடுகிற கல்தூண்களை நட்டு, அவற்றில் சவுக்குக் கம்புகளைப் படுக்கை வசத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றித் தேங்காய்நார்க் கயிற்றால் கட்டியிருந்தார்கள். பந்தல் போடுகிறவர்களின் கைவேலை, பார்க்க நேர்த்தியாக இருந்தது. எனக்குக் கல்தூண்கள்தான் கண்ணில் பட்டன.

"அண்ணா, வெளிய மூட்டை, உள்ள கல்லா?" என்று ஏழுமலையிடம் கேட்டேன்.

"உள்ள யாரும்மா வந்து மோதப் போறாங்க? வண்டி வெளியதான் தூக்கி அடிக்கும்" என்றார். "ஒண்ணும் பயப்படாத தங்கச்சி. கம்பு நுனி எதுவும் வண்டி வர்ற பக்கம் தெரியக் கூடாதுன்னு நான்தான் நின்னு கட்ட வெச்சேன். பாரு, மீன் செதிலாட்டம் ஒரு கம்பு முடியிற நுனிய அடுத்த கம்போட தொடக்கத்து மேல, பாதைப் பக்கமா ஏத்தி வுட்டிருக்கோம். உரசுனாலும் வழுக்கிக்கினு போயிடும்."

உண்மைதான். நடக்கும்போது என் சேலைத் தலைப்பு கம்புகளின்மேல் உரசிக்கொண்டே வந்தது, எங்கும் மாட்டவில்லை. அன்று மாலைப் பயிற்சியில் கார்கள் இடப்பக்கமாகத் திரும்பித் திரும்பிச் சுற்றின. மண்ணில் கார் திரும்புவதே இல்லை, வழுக்கிக்கொண்டுதான் போகிறது. மூக்கு உள்வேலியைப் பார்க்கும், வால் வெளியே கிடக்கும். ஒவ்வொரு வளைவிலும் அந்த மூக்கு வேலியைத் தொட்டுவிடும்போல் வந்து விலகியது. நம் ஊர்க் காரில் ஓட்டுகிறவர் வலது பக்கம் உட்காருவதால், வேலிக்கும் அவருக்கும் நடுவில் முழுக் காரும் இருந்தது. எனக்கு அது ஒன்றுதான் ஆறுதல்.

மறுநாள் காலை அந்த ஆறுதலும் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கெல்லாம் கரை நிறைய ஜனம். ஐஸ் வண்டி, மைக் செட், கொடி அசைக்க வந்த ஒரு பிரமுகர். கன்னிமாருக்குப் பொங்கல் வைத்துக்கொண்டிருந்த பெண்களில் முனியம்மா என்பவர் எழுந்து நேராக ஏழுமலையிடம் வந்தார்.

"நேத்து பாத்துக்கினுதான் இருந்தேன். இன்னாப்பா இது, கன்னிமார நடுவுல வெச்சிக்கினு இடமா சுத்துறானுங்க? மலைய யாராச்சும் இடமா சுத்துவாங்களா? மழ தண்ணி வேணாமா ஊருக்கு?"

அந்த ஊரில் அப்படி ஒரு பேச்சுக்கு எதிர்ப்பேச்சே கிடையாது. குழந்தைகூட மலையை வலக்கைப் பக்கம் வைத்துத்தான் நடக்கும். ஓட்டுகிறவர்களும் சரி சரி என்றார்கள். முரளி கன்னத்தில் போட்டுக்கொண்டார். நானும்தான்.

"இதுல இன்னா இருக்குது, வண்டியத் திருப்பி நிறுத்திட்டா போச்சு" என்றார் ஏழுமலை. காரெல்லாம் திரும்பி நின்றன. மைக்கில் கைதட்டச் சொன்னார்கள்.

வண்டி ஓடுவதற்கு முன் ஆட்கள் ஒரு சுற்று வலம் வர வேண்டும் என்றார் முனியம்மா. கற்பூரத் தட்டோடு அவர் முன்னால் போக, பெண்கள் பின்னால் நடந்தோம். முரளி ரேஸுக்கு முன் எப்போதும் வீட்டுச் சாவிக்கொத்தை என் கையில் கொடுத்துவிடுவார். குலுங்கும்போது பாக்கெட்டில் குத்துமாம். அன்றும் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தாயே எந்தச் சேதமும் வேண்டாம் என்று வேண்டிக்கொண்டே வேலி ஓரமாக நடந்தேன்.

தலைப்பு பின்னால் இழுத்தது. யாரோ மிதித்துவிட்டார்கள் என்று திரும்பினேன். யாரும் இல்லை. சவுக்குக் கம்பின் வெட்டிய நுனியில் மாட்டியிருந்தது. எடுத்துவிட்டு நடந்தேன். அடுத்த தூணருகில் மறுபடி மாட்டியது. அதற்கடுத்த தூணிலும். நேற்று இதே வேலி, இதே சேலை, ஒரு இடத்திலும் மாட்டவில்லையே என்று நின்றேன். நின்ற பிறகுதான் புரிந்தது. நேற்று நாங்கள் நடந்தது இடமாக. இன்று வலமாக. வண்டி வரும் பக்கம் தெரியக் கூடாது என்று மறைத்துக் கட்டிய நுனிகள் எல்லாம் இப்போது வண்டி வரும் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தன. கையால் அளந்து பார்த்தேன். என் இடுப்பு உயரம். காருக்குள் உட்கார்ந்தால் விலா உயரம். வலமாகச் சுற்றினால் அந்த விலா வேலிப் பக்கம்தான் இருக்கும், நடுவில் ஒரு கதவுத் தகடு மட்டும்.

கற்பூரம் ஒரு சுற்று முடியும்வரைகூட நான் நிற்கவில்லை. குறுக்கே ஓடினேன். ஏழுமலையின் கையைப் பிடித்து இழுத்து வந்து, என் தலைப்பை வேலியில் போட்டு நடந்து காட்டினேன். மாட்டியது.

"ஐயோ, நானே நின்னு கட்ட வெச்சிட்டு நானே மறந்துட்டேனே" என்றார்.

அவிழ்த்துத் திருப்பிக் கட்ட ஆரம்பித்தார்கள். பந்தல்காரர்கள் நான்கு பேர்தான். கரையிலிருந்து கேட்காமலேயே முப்பது நாற்பது பேர் இறங்கி வந்து கயிற்றை அவிழ்த்தார்கள். இரண்டு வளைவும் இந்தப் பக்கத்து நேர்ப்பாதையும் முடிவதற்கே மணி பன்னிரண்டாகிவிட்டது. பிரமுகருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டுமாம், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எதிர்ப்பக்கத்து நேர்ப்பாதை மட்டும் பாக்கி. "நேர்ல எவன் உள்ள வரப் போறான்? போதும், ஆரம்பிங்க" என்று மைக்கில் யாரோ சொல்லிவிட்டார்கள்.

நான் முரளியின் ஜன்னலைப் பிடித்துக்கொண்டேன். "ஏங்க, வேணாங்க. அந்தப் பக்கம் இன்னும் கட்டலங்க."

"வளைவுலதான் வழுக்கும் கலா. நேர்ல ஒண்ணும் ஆவாது. கைய எடு."

எடுத்தேன். எடுத்திருக்கக் கூடாது என்று இன்றைக்கும் தோன்றும்.

ஐந்து கார்கள், எட்டுச் சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் அவர் எதிர்ப்பக்கம் போகும்போது நான் கண்ணைத் திருப்பிக்கொண்டேன். நடுவில் நிறுத்தியிருந்த ஆம்புலன்ஸ் வேனையும் அதில் சாய்ந்து வெள்ளரிப்பிஞ்சு தின்ற டிரைவரையும் மாறி மாறிப் பார்த்தேன். ஆறாவது சுற்றில், முதல் வளைவை விட்டு எதிர்ப்பக்கத்துக்கு வரும்போது பின்னால் வந்த கார் இவருடைய வாலை இடித்தது. முரளியின் கார் உள்பக்கம் திரும்பி வேலிமேல் சாய்ந்தது. டர்ரென்று ஒரு நீளமான சத்தம். கம்புகளை உரசிக்கொண்டே வழுக்கிப் போய், புழுதிக்குள் மறைந்தது. சத்தம் நின்றுவிட்டது.

என்னை யார் பிடித்தார்கள், எப்படி உதறிவிட்டு ஓடினேன் என்பதெல்லாம் நினைவில்லை. கார் நேர்ப்பாதை தொடங்கும் இடத்தில் நின்றிருந்தது. ஹெல்மெட் அசைந்தது. அவர் ஜன்னல் வழியாகப் பாதி வெளியே வந்து, அப்படியே நின்றுவிட்டார். எதைப் பார்க்கிறார் என்று நானும் பார்த்தேன். அவருடைய ஜன்னலுக்கு நேர் முன்னால், நான்கு அடி தூரத்தில், திருப்பிக் கட்டாத முதல் கம்பின் நுனி நீட்டிக்கொண்டிருந்தது.

முரளி இறங்கி வந்து அந்த நுனியில் உள்ளங்கையை வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார்.

"சாவியக் குடு."

கொடுத்தேன். அன்று அவர் மறுபடி காரில் ஏறவில்லை.

நேர்ப்பாதைக் கம்புகளை யாரும் திருப்பிக் கட்டவில்லை. மொத்தமாக அவிழ்த்து எடுத்து, கல்தூண்களையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, சுண்ணாம்பால் ஒரு கோடு மட்டும் போட்டார்கள். மீதி ரேஸ் அந்தக் கோட்டை வைத்தே நடந்தது. ஒரு கார் வழுக்கிக் கோட்டைத் தாண்டிப் போய், வெறும் மண்ணில் ஒரு சுற்று சுற்றி நின்றது. டிரைவர் சிரித்துக்கொண்டே கையாட்டினார். அப்போதுதான் நான் உட்கார்ந்து அழுதேன்.

திரும்பும் வழியில் செஞ்சியில் டீக்கு நிறுத்தினோம். காதர் பாய் காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வலது கதவில் நின்றார். முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஒரே கீறல், விலா உயரத்தில். "நல்ல வேளை சார், கீறலோட போச்சு" என்றார். முரளி டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

போகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். குடையும் தண்ணீரும் எடுத்துப் போங்கள், புழுதிக்கு மூக்கில் கட்டத் துணி வேண்டும். கரைமேல் உட்காருங்கள், நடுவில் இடம் கொடுத்தாலும் போகாதீர்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் பதினேழு கிலோமீட்டர், அதில் மூன்று மண்பாதை. எல்லோரும் வெளிப்பக்கத்து மூட்டையைத்தான் பார்ப்பார்கள், நீங்கள் உள்பக்கத்தைப் பாருங்கள். ஓட்டுகிறவர் உங்கள் வீட்டு ஆளாக இருந்தால், கொடி அசைப்பதற்கு முன், வண்டி எந்தப் பக்கம் சுற்றப் போகிறதோ அந்தப் பக்கமாகவே ஒரு சுற்று நடந்துவிடுங்கள், தலைப்பையோ துண்டையோ உள்வேலிமேல் போட்டபடி. எங்காவது மாட்டினால் நான் செய்ததுபோல் ஜன்னலிலிருந்து கையை எடுத்துவிடாதீர்கள்.

முரளி இப்போதும் ஓட்டுகிறார். கீறலுக்கு இன்னும் பெயின்ட் அடிக்கவில்லை. எந்த ஊருக்குப் போனாலும் முதலில் என்னிடம்தான் வருகிறார்: "கலா, ஒரு சுத்து நடந்துட்டு வந்துடேன். நீ சொன்னப்புறம் சாவியத் தரேன்."